கட்டிங் அக்காவின் கடைசி ஒரு சாண்

பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் அந்தக் கடையில் பெரிய கத்தரிக்கோலைத் தொடும் உரிமை ஒருத்திக்குத்தான் இருந்தது. முதலாளி முதல் பட்டன் தைக்கிறவர் வரை எல்லோரும் அவளைக் கட்டிங் அக்கா என்றார்கள். வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை. எட்டு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக வெட்டுவாள். கோடு விலகியது என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. சொல்லத் தைரியமும் இருந்ததில்லை.

பழைய உடுப்பைச் சரிசெய்யக் கொண்டுவருகிறவர்கள்தான் அவளிடம் நடுங்குவார்கள். "ஓரம் மட்டும் கொஞ்சம் நைஞ்சிருக்கு, அப்படியே மடிச்சுத் தைச்சுட முடியாதா?" என்று யாராவது கெஞ்சினால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"நைஞ்சது நைஞ்சதுதான். விட்டா மேல ஏறும். துணிக்கு வலிக்கவா போகுது?"

சொல்லி முடிப்பதற்குள் நைந்த ஓரம் தரையில் கிடக்கும். கொண்டுவந்தவர் முகத்தில் ஈயாடாது.

அப்பேர்ப்பட்டவள், பதிமூன்று வயதுக்குப் பிறகு தன் தலைமுடியில் கத்தரி படவே விடவில்லை.

முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு இருக்கிறதே, அதையும் தாண்டி நாலு விரல் நீளம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த முடிக்குத்தான். காலையில் எண்ணெய், பத்து மணிக்குக் குளியல், பன்னிரண்டு வரை ஈரம் துவட்டல், இரண்டு வரை சிக்கெடுத்தல். குளியலறையில் தண்ணீர் போகிற துவாரத்தில் வாரத்துக்கு ஒரு கைப்பிடி அடைக்கும். அதை எடுப்பது கணவர் வேலை. அவர் முகம் சுளித்ததே இல்லை. அந்த முடி தன்னுடையது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. விருந்தாளி யார் வந்தாலும், தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். "நான் இவளை பஸ்ல பின்னாலேருந்துதான் முதல்ல பார்த்தேன். முடியைப் பார்த்தேன், முடிவு பண்ணிட்டேன். முகத்தை ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் பார்த்தேன்." எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்கும் வாயெல்லாம் பல்லாக இருக்கும். முகத்தைப் பார்த்த பிறகு என்ன நினைத்தார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். இருபத்தைந்து வருஷத்தில் அது அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்குத் தலைக்கனம் என்று கடையில் சிலர் சொன்னார்கள். ஈரமாக இருக்கும்போது அது நிஜமாகவே கனத்தது.

நீளம் இருந்ததே தவிர, நீளத்தில் பொருள் இல்லை. கழுத்தில் கருநாகம் மாதிரி தொடங்கும் பின்னல் இடுப்பில் கயிறாகி, தொடையில் சணலாகி, முழங்காலில் எலிவாலாக முடிந்தது. கடைசி ஒரு சாணில் நாற்பது ஐம்பது இழைகூடத் தேறாது. கறுப்பு போய்த் துருப்பிடித்த கம்பியின் நிறம் வந்திருந்தது. ஒவ்வொரு நுனியும் இரண்டாக வெடித்து, சிலது மூன்றாகவும் பிரிந்து, தொட்டால் சுரசுரத்தது. அந்த எலிவாலைக் கறுப்பு நூலால் சுற்றி, உள்ளே சவுரி முடி கொஞ்சம் சேர்த்து, பார்க்கிறவர் கண்ணுக்குப் பருமனாகக் காட்டினாள். வேறு யாராவது நைந்த துணிக்கு இந்த வேலை செய்திருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பாள்.

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் சீப்பில் இருந்த ஒரு முடியை எடுத்துக்கொண்டு போய், மைக்ராஸ்கோப்பில் வைத்து, நுனியைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். கட்டிங் அக்கா கடையில் அதைத் திறந்து பார்த்து, ஏதோ பட்டுப்போன மரம் என்று நினைத்தாள். உடனே போன் வந்தது.

"படம் பார்த்தியாம்மா? அது உன் முடி. நாலு கிளை விட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா குருவி கூடு கட்டும்."

"வாயை மூடு. கண்ணு வைக்காதே."

"ஆறு இன்ச் வெட்டும்மா. அப்புறம் பாரு."

ஆறு இன்ச் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் போனை வைத்துவிட்டாள். அன்று இரவே விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. கணவரின் அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் தலையில் முடி சொற்பம். அடுத்தவர் முடியைப் பற்றிய அறிவு மட்டும் ஏராளம்.

"வெட்டினேன்னு வெச்சுக்கோ, அதோட வளர்ச்சி நின்னுடும். நுனியிலதான் உயிர் இருக்கு" என்றார் நாத்தனார், தன் மூன்று விரல் கொண்டையைத் தடவிக்கொண்டே.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. முட்டை தடவினாள், வீடு நாறியது. வாழைப்பழம் மசித்துத் தடவினாள். மூன்று நாள் வரை துணுக்குத் துணுக்காகக் கட்டிங் மேஜையில் உதிர்ந்தது. வெடித்த நுனியை ஒட்டவைக்கும் என்று எழுதியிருந்த ஒரு குட்டிப் பாட்டிலை வாங்கி ஊற்றினாள். ஒட்டத்தான் செய்தது. நுனி நுனியோடு ஒட்டவில்லை, தலையணை உறையோடு ஒட்டியது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பார்லருக்குப் போனாள். பார்லர்க்காரி பின்னலைப் பிரித்து, சவுரியை ஓரமாக வைத்துவிட்டு, நுனியை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு அடி எடுக்கணும்."

"அரை இன்ச் எடு."

"அரை இன்ச்ல என்னக்கா ஆகும்? நுனிதானே கெட்டிருக்குன்னு நீங்க நினைக்கறீங்க, அது மேல ஏறிடுச்சு."

"அரை இன்ச். மேல போச்சு, எழுந்து போயிடுவேன்."

பார்லர்க்காரி அரை இன்ச் வெட்டினாள். கீழே விழுந்ததைக் கண்ணால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கட்டிங் அக்கா குனிந்து அதைப் பொறுக்கி, ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ஒரு பாட்டம் அழுதாள். அதற்குள் நாத்தனார் டேப்போடு வந்து அளந்து, "ஒரு இன்ச் போயிருக்கு, உன்னை ஏமாத்திட்டா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்குமோ, அந்த பஸ் சம்பவம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

காலை நேரம், நிற்க இடமில்லாத கூட்டம். அன்றைக்குப் பார்த்து நுனியில் சுற்றிய கறுப்பு நூல் அவிழ்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவர் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர், கையில் ஃபைல், நேர்முகத் தேர்வு நடத்தப் போகிறவர் மாதிரி ஒரு மிடுக்கு. பஸ் குலுங்கியது. துருநிற நுனிகள் அவருடைய மணிக்கட்டுப் பட்டனைச் சுற்றிக் கவ்விக்கொண்டன. அவர் கையை இழுக்க, அவள் "ஐயோ" என்று அலற, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"கொஞ்சம் இருங்க, இழுக்காதீங்க, அறுந்துடும்."

"நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்மா."

அவள் எடுத்துவிடப் பார்த்தாள். வெடித்த நுனிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து முடிச்சாகிவிட்டன. அவருடைய ஸ்டாப் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. அவர் முகம் சிவந்தது.

"ரெண்டு முடிதானேம்மா, பிச்சு எடுங்க!"

"ரெண்டு முடியா? இதை வளர்க்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

பையைத் திறந்தாள். உள்ளே தொழிலுக்கான சின்னக் கத்தரி இருந்தது. அவர் முகத்தில் நிம்மதி வந்தது. அது ஒரு நொடிதான். அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பி, நறுக்கென்று பட்டனை வெட்டினாள். பட்டன் அவள் பின்னலின் நுனியில் தொங்கியது.

முடிக்கு நம் வாயில் இன்னொரு பெயர் உண்டு. கோபம் வந்தால்தான் அது வெளியே வரும். அந்த மனிதர் அதைச் சொன்னார். அவர் உண்மையாகவே முடியைப் பற்றித்தான் பேசினார், ஆனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திட்டு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அவளும்தான்.

"கோபப்படாதீங்க. நானே தைச்சுத் தர்றேன், கடைக்கு வாங்க" என்று கடை இருக்கும் தெருவைச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டாள். அவர் எங்கே வரப்போகிறார் என்ற நம்பிக்கை.

சாயங்காலமே வந்துவிட்டார். கடையில் எல்லோரும் இருந்த நேரம். ஒரு சுருக்கமும் இல்லாமல் முழுக் கதையும் சொன்னார். பட்டன் தைக்கிறவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பட்டன் தைத்து முடிந்ததும் அந்த மனிதர் கை மடிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத் தைக்கறீங்க. ஆனா எதை வெட்டணும், எதை விடணும்னு உங்களுக்குத் தெரியலையேம்மா."

ஒரு கட்டிங் மாஸ்டரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. கெட்ட வார்த்தையைக்கூட அவள் பஸ்ஸிலேயே துடைத்துப் போட்டுவிட்டாள். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அவள் போகவில்லை. மேஜையைத் துடைத்தாள். பின்னலைப் பிரித்து, தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து, மேஜைமேல் விரித்தாள். சவுரியைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். அவளுக்குத் தெரிந்து முதல் தடவையாக அதைத் துணியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். யாராவது இப்படி ஒரு சரக்கைக் கொண்டுவந்திருந்தால், "இதை எடுத்துட்டு வர உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று கேட்டிருப்பாள்.

ஸ்கேலை வைத்தாள். நாலு இன்ச்சில் சாக் பிடித்தாள். அதற்கு மேலேயும் வெடிப்பு இருந்தது. ஆறில் வைத்தாள். அங்கேயும். கை தன்பாட்டுக்குத் தொழிலைச் செய்தது. கெட்டதில் பாதியை விட்டு வெட்ட அந்தக் கைக்குப் பழக்கமில்லை. கடைசியில் பன்னிரண்டு இன்ச்சில், முடி கறுப்பாகவும் நெருக்கமாகவும் இருந்த இடத்தில், ஸ்கேல் நின்றது. பார்லர்க்காரி சொன்ன அதே ஒரு அடி. அதை நினைத்து ஒரு கணம் எரிச்சல்பட்டாள். பிறகு பெரிய கத்தரியை எடுத்தாள்.

முப்பத்து மூன்று வருஷப் பொக்கிஷம் ஒரே ஓட்டத்தில் போனது.

மயக்கம் வரும் என்று எதிர்பார்த்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். வரவில்லை. அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. பசிதான் வந்தது. வெட்டியதைத் துணித் துண்டுகளோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வீட்டில் பூகம்பம் வெடிக்கும் என்று தயாராகத்தான் போனாள். பதில்கள்கூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். மகள் அந்த வாரம் இரவுப் பணியில் இருந்ததால் கண்ணில் படவில்லை. கணவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. மறுநாளும் நிமிரவில்லை. டிவிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று பார்த்தாள். "கொஞ்சம் தள்ளு, மறைக்குது" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார். தொடைப் பாதியில் முடிந்திருந்த பின்னல் கண்ணெதிரே ஆட, "முழங்காலுக்குக் கீழே, பார்த்துக்கோங்க, இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு?" என்றார் கணவர். சிநேகிதரும் பார்த்துவிட்டு "அடேயப்பா" என்றார்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெட்டியதற்கு யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஒன்பதாம் நாள் நாத்தனார் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார். ஒரு காலில் செருப்போடு ஓடிவந்து பின்னலைப் பிடித்துத் தூக்கி, "டேய், இங்க வாடா! வெட்டிட்டாடா!" என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கணவர் வந்தார், பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"வெட்டி ஒன்பது நாள் ஆச்சுங்க. கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

"நான் என்ன தினமும் அளந்துக்கிட்டா இருப்பேன்? இருக்கும்னு ஒரு நம்பிக்கை!"

"மீட்டரைப் பார்க்காமலே ரீடிங் எழுதுற ஆளுதானே நீங்க. வேலையிலயும் அப்படித்தானா?"

அவர் இரண்டு நாள் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முகத்தை ஓரக்கண்ணால் அடிக்கடி பார்த்தார். நீளம் போன பிறகு வேறு என்ன இருக்கிறது என்று சரிபார்க்கிறாரோ என்னவோ. மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார். வந்தவர்களிடம், "வெட்டிப் போட்டதே ஒரு முழம், அப்போ மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே பார்த்துக்கோங்க" என்று கதையை மாற்றிக்கொண்டார். அடுத்த மாதம் அது ஒன்றரை முழமானது.

மகள்தான் கைதட்டினாள். பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டாள். ஏனென்றால் கட்டிங் அக்கா இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் நுனியை வெட்டுவதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை மதியத்துக்குள் முடிந்துவிடுவதால் கையில் நேரம் மிஞ்சியது. மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தலையை ஆராய்ந்தாள். அளவு கொடுக்க வந்த பெண்களின் தோளை அளக்கிற சாக்கில் பின்னலைத் திருப்பிப் பார்த்து, "இது மேல ஏறிடும்மா, இன்னைக்கே வெட்டுங்க" என்றாள். முப்பத்து மூன்று வருஷம் யார் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாதவள், பிறர் தயங்கினால் பொறுமையிழந்தாள்.

ஒரு சனிக்கிழமை நாத்தனார் தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டு, கொண்டையை அவிழ்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதே. கொஞ்சமா, நுனியை மட்டும் சரிபண்ணி விடு. ரொம்ப எடுத்துடாதே."

"திரும்பி உட்காருங்க அண்ணி."

கட்டிங் அக்கா நுனியைப் பார்த்தாள், ஸ்கேலை வைத்தாள், எவ்வளவு என்று கேட்கவில்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டினாள். மிச்சத்தில் கொண்டை போட முடியவில்லை. நாத்தனார் அதன்பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.