எருசலேமில் வாடகைக்கு வீடு இல்லை

எருசலேம் நகரத்தில் நான் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரியாகச் சுமார் நான்கு நிமிடம் இருந்திருக்கிறேன். ராயபுரத்தில், எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள் நாடகத்தில். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாடகத்தை எழுதியவர் என் அத்தை. வருஷா வருஷம் நோவாவின் பேழையும் கெட்ட குமாரனும் போட்டு அவருக்கே அலுத்துவிட்டது. அந்த வருஷம் ஏதோ புத்தகத்தில் படித்த சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டார். துருக்கி சுல்தான் எருசலேமை ஆண்ட காலம். ஏமன் தேசத்து யூதர்கள் சிலர் புண்ணிய நகரத்தில் போய் வாழலாம் என்று, இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, கொஞ்சம் நடந்தும் கொஞ்சம் கப்பலிலுமாக வந்து சேர்கிறார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்த யூதர்களுக்கு இவர்களைப் பார்த்ததும் சந்தேகம். நிறம் வேறு, பேச்சு வேறு, உடுப்பு வேறு, இவர்கள் நம்மவர்கள்தானா? வீடு கிடைக்காமல், வந்தவர்கள் ஊருக்கு வெளியே மலைக் குகைகளில் தங்குகிறார்கள். இதுதான் கதை. "பிஸ்கட்டுக்கு வார பிள்ளைகளுக்கு இவ்வளவு சரித்திரம் எதுக்கு?" என்றார் அப்பா. அத்தை காதில் வாங்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் மேய்ப்பர்களின் அங்கியும் தலைத்துண்டும் அப்படியே ஏமன் யூதர்களுக்குப் போயின. சுல்தானின் அதிகாரிக்கு மட்டும் ஐஸ்கிரீம் டப்பாவில் சிவப்புக் காகிதம் ஒட்டி ஒரு குல்லா. எனக்கு எருசலேம் வீட்டுக்காரி வேஷம். அம்மாவின் பட்டுச்சேலையும் ஒரு அட்டைக் கதவும் கிடைத்தன.

அந்தக் கதவைத் தட்டி இடம் கேட்கிற ஏமன் பெண்ணாக நடித்தவள் செல்வி, என் வகுப்புத் தோழி. அம்மன் கோயிலுக்குப் போகிற மீனவக் குடும்பம்தான். ஆனாலும் மே மாதத்தில் வேதாகமப் பள்ளிக்கு வராத பிள்ளை எங்கள் பக்கம் உண்டா? அவர்கள் வீடு கரையோரம். கடல் அரித்து அரித்து, அலை பெரிதாக அடித்தால் தண்ணீர் அடுப்படி வரை வந்துவிடும். எர்ணாவூரில் அவர்களுக்கு அரசாங்கத்தில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். செல்வியின் அம்மா போகமாட்டேன் என்றாள். விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள், அவ்வளவு தூரத்திலிருந்து அந்த நேரத்துக்கு எதில் ஏறி வருவாள்? பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ராயபுரத்திலேயே வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்வி எங்கள் பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான்.

எங்கள் மாடியோ காலியாகக் கிடந்தது. வாசலில் டூலெட் போர்டும் தொங்கியது. நான்தான் பெரிய மனுஷி மாதிரி செல்வியிடம் சொல்லி அவள் அம்மாவை வரச் சொன்னேன்.

அவள் மீன்கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, படியேறாமல் கீழேயே நின்றாள். "மய வந்தா வூட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி நின்னுகினு கீதுண்ணா. அட்வான்ஸ்கூட ரெடியா கீது," என்றாள்.

அப்பா கூடையைப் பார்த்தார். பிறகு கைகூப்பிச் சிரித்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. ஊர்ல இருந்து என் தம்பி குடும்பத்தோட வாரான். அவனுக்குத்தான் வீடு. போர்டைக் கழட்ட மறந்துட்டோம்."

சித்தப்பா வருகிறார் என்றதும் எனக்கு ஒரே குஷி. சித்தப்பா வந்தால் தினமும் பரோட்டா. 'ஐயோ, முன்னாடியே கேட்டிருக்கலாமே' என்று செல்விக்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டேன். போர்டை அப்பா அதற்கப்புறமும் கழற்றவில்லை. பாத்திரக் கடை வியாபாரத்தில் அவருக்கு அவ்வளவு மறதி.

நாடகத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. அப்பா முன்வரிசையில், எங்கள் சர்ச் போதகரான ஐயருக்குப் பக்கத்தில். செல்வியின் அம்மா பின்னால் சுவரோரம் நின்றாள். செல்வி அட்டைக் கதவைத் தட்டி, "அம்மணி, வெகுதூரம் நடந்து வந்திருக்கிறோம். தங்க இடம் தாரும்," என்று பிசகாமல் சொன்னாள்.

"உங்களை நாங்கள் அறியோம், வேறிடம் பாருங்கள்" என்பது நான் சொல்ல வேண்டியது. ஒரு வார்த்தை வரவில்லை. அத்தை திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தது ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. வீடு கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன? கைகூப்பினேன், சிரித்தேன்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஊர்ல இருந்து என் தம்பி குடும்பத்தோட வாரான். அவனுக்குத்தான் வீடு. போர்டைக் கழட்ட மறந்துட்டோம்!"

அப்பப்பா, என்ன சிரிப்பு! அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்காரர்கள், மீதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தோளில் தட்டினார். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பேசாமல் திரும்பிப் போக வேண்டியவள், நாடகத்தில் இல்லாததைக் கேட்டாள். "அவுங்க வர்ற வரிக்கும் நாங்க இருந்துக்கறோமே?"

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. நான் கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அப்பா ஊரிலிருந்த சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "லீவுக்கு வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போலே. கேள்வி கேக்காத, குடும்பத்தோட வா." நாலாம் நாள் சித்தப்பா, சித்தி, இரண்டு தம்பிகள், ஒரு சாக்கு முருங்கைக்காய் எல்லாம் மாடியில் ஏறியாகிவிட்டது. அண்ணனின் பாசத்தைத் தெரு முழுக்கச் சொல்லிச் சித்தப்பாவுக்கு மாளவில்லை.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான்! கரைக்கு ஓடினேன். செல்வி வீட்டுச் சாமான்கள் எர்ணாவூர் போகக் குட்டியானை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. "பாத்தியா, எங்க சித்தப்பா நிஜமாவே வந்துட்டாரு!" என்றேன். மடியில் அடுப்போடு வண்டியில் உட்கார்ந்திருந்த செல்வி என் பக்கம் திரும்பவில்லை. அவள் அம்மாதான் என் கன்னத்தைத் தொட்டாள்.

"செரி கண்ணு. நாங்க ஒண்ணியும் நெனச்சிக்கலன்னு நைனாகிட்ட சொல்லு."

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன். "என்னத்த நெனைக்க?" என்று சித்தப்பா கேட்டார். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் வறுத்த வஞ்சிரம் துண்டு தொடாமல் இருந்தது. நல்ல செய்தி கொண்டு வந்ததற்காக எனக்கு விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்து, எடுத்துச் சாப்பிட்டேன்.