அரை விரல் பாரம்

ஓகஸ்ட் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. நல்ல வெயில். கச்சான் காற்று விழுந்து, வாவித் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அலை அடித்திருக்கும், இருட்டாக இருந்திருக்கும் என்பீர்கள். முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். பேய், முனி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவேன்.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு ஒரேயொரு ஆசை. மட்டக்களப்பு வாவியை, அதில் விழும் ஆறுகளையும் வாய்க்கால்களையும் சேர்த்து, தெற்கு முனையிலுள்ள பெரியகல்லாறு வரை தோணியில் பார்த்து முடிக்க வேண்டும். சின்ன ஃபைபர் தோணி வாங்கி மோட்டார் பூட்டினேன். எனக்கு நீந்தத் தெரியாது. அதனால் தோணியின் வெளிப்பக்கம் சிவப்புக் கோடு ஒன்று அடித்தேன். மனைவியின் தம்பி யோகனும் நானும் சாமான்களோடு ஏறினால் கோடு தண்ணீருக்கு மேலே நாலு விரல் நிற்கும். தண்ணீர் கோட்டைத் தொட்டால் ஆபத்து. அடிக்கடி குனிந்து விரல் வைத்துப் பார்ப்பேன்.

"என்ன அத்தான், தோணிக்குக் காய்ச்சலா? ஓயாமத் தொட்டுப் பாக்கீங்க" என்று யோகன் சிரிப்பான்.

பயணத்தின் இரண்டாம் நாள், அந்த வியாழக்கிழமை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வாய்க்கால் ஒன்றிலிருந்து வாவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாய்க்கால் முடிகிற இடத்தில், தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணா மரங்களுக்குள், யாரும் பாவிக்காத பழைய துறை. அங்கிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"தோணிக்காரர், பிள்ளையோட நிக்கன். அக்கரையில விட்டுட்டுப் போங்க."

ஆள் தெரியவில்லை. பாரம் கூடும், வேண்டாம் என்றேன்.

"துறையில நிண்டு கூப்பிட்டா ஏத்தாமப் போறதில்ல அத்தான்" என்று யோகன் தோணியைக் கரையில் முட்டவிட்டான். ஒருவரும் இல்லை. தோணி மட்டும் ஒருமுறை ஆடியது. பிறகு இன்னொரு முறை, மெதுவாக.

வெளிக்கிட்டதும் வழக்கம்போல் குனிந்தேன். இரண்டு விரல். ஓட்டை விழுந்துவிட்டது என்று பதறி அடிப்பலகைகளைத் தூக்கிப் பார்த்தேன், எல்லாம் காய்ந்து கிடந்தன. யோகனிடம் சொன்னேன். அவன் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த வெறும் பலகையைப் பார்க்காமல், மெல்லச் சொன்னான்.

"அந்தப் பக்கம் கால நீட்டாதீங்க அத்தான்."

அக்கரைத் துறை மணலில் முட்டியதும் தோணி ஆடி, சற்று எழும்பியது. தோணியைத் தள்ள நான் கம்பை எடுத்தேன்.

"பொறுங்க. இன்னம் தள்ளல்ல" என்றான் யோகன்.

இங்கே வழக்கம் அப்படி. துறையில் கடைசியாக இறங்குகிறவர் தோணியின் முன்பக்கத்தைக் கையால் தண்ணீருக்குள் தள்ளிவிடுவார். எல்லாரும் இறங்கியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம், அதற்குப் பிறகுதான் கம்பை ஊன்றுவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்க மனம் வரவில்லை. "இறங்கியாச்சு, போதும்" என்று கம்பை ஊன்றித் தள்ளிவிட்டேன்.

இருபது முழம் வந்திருப்போம். வெறும் கரையிலிருந்து அதே குரல்.

"தோணிக்காரர்! பிள்ள..."

குனிந்து பார்த்தேன். மூன்றரை விரல்.

உடனே திருப்பினோம். முன்பக்கத்தை மணலில் வைத்து ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். குரலும் இல்லை, தள்ளலும் இல்லை. கோடு மூன்றரையிலேயே நின்றது.

பயணம் அத்தோடு முடிந்தது. பெரியகல்லாற்றை நான் பார்க்கவில்லை. யோகன் தோணிப் பக்கமே வருவதில்லை. அரை விரல் இறங்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று பிறகு அரிசி ஏற்றிப் பார்த்தேன். பதினாறு கிலோ. நாலு வயதுப் பேத்தியைத் தராசில் ஏற்றினேன். அவளும் பதினாறு கிலோ.

நீங்கள் நம்ப வேண்டாம். யோகனின் எடையுள்ள ஒருவரைக் கூலிக்குப் பிடித்து, அதே சாமான்களோடு, அதே அக்கரைத் துறைக்கு இதுவரை ஒன்பது தடவை போய்விட்டேன். மத்தியானம் முன்பக்கத்தை மணலில் வைத்துவிட்டு, கம்பைத் தொடாமல் இருப்பேன். ஒருமுறையாவது அந்தச் சின்னத் தள்ளல் வராதா என்று. கோடு இன்றைக்கும் மூன்றரை விரல்தான்.

பெற்றோலும் கூலியும் தடவைக்கு மூவாயிரத்து நூறு. ஒன்பது தடவைக்கு இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய், நடுப்பலகையில் வைக்கிற பிஸ்கட்டைச் சேர்க்காமல்.