கடா ஓடினால் கடாவாகவே தெரிய வேண்டும்

லோகய்ய மூல்யா பதினான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் கேமராவுக்கு முன்னால் அதுவரை யாரும் ஓடியதில்லை. மாப்பிள்ளை மாலையை வாங்கிக்கொண்டு, "ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தைத் திருப்புவார். பந்தியில் அவர் வருவதைப் பார்த்தால் வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்று காத்திருக்கும். இந்த நிம்மதியான பிழைப்புக்குள் மஞ்சபைலு ஊரின் எருமைப் பந்தயமான கம்பளம் வந்து புகுந்தது.

சேறு கலக்கிய வயலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடம். தடத்துக்கு ஒரு ஜோடி எருமைக்கடா, பின்னால் ஓர் ஓட்டக்காரன். ஓட்டம் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் முடிந்துவிடும். யார் முந்தியது என்ற சண்டைதான் அடுத்த வருடம் வரை ஓடும். அதற்கு ஒரு முடிவு கட்ட, கமிட்டித் தலைவர் மஹாபல ஹெக்டே, எல்லைக்கோட்டில் லோகய்யாவைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

எடுத்ததை அன்று மாலையே பள்ளிக்கூட டிவியில் போட்டார்கள். படத்தை நிறுத்திப் பார்த்தால் கடாவும் இல்லை, ஆளும் இல்லை. ஈரத்துணியால் பாதி துடைத்த கரும்பலகை மாதிரி ஒரே இழுப்பு.

"இதுல மூக்கு எது மாராயரே?" என்றார் ஹெக்டே.

லோகய்யா கிட்டே போய்ப் பார்த்தார். "இந்தப் பக்கம்தான் எங்கயோ இருக்கணும்."

"எங்க வீட்டுக் கல்யாணத்துல நல்லாத்தான எடுத்தீங்க?"

"அன்னிக்கு உங்க மருமகன் ஓடலையே."

"ஓடியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் ஹெக்டே.

அடுத்த கம்பளத்துக்குள் புதுக் கேமரா வாங்குவது என்று லோகய்யா முடிவு செய்தார். மனைவி வாரிஜாவும் கூடவே மங்களூருக்குக் கிளம்பினாள். அவள் பீடி சுற்றுபவள். மறுநாள் கட்டு ஒப்படைக்க வேண்டியிருந்ததால் இலையும் தூளும் நிரப்பிய முறத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

மொய்தினப்ப பியாரியின் கடையில் மூன்று கேமராக்கள் மேஜைக்கு வந்தன. முதலாவது தோளில் தூக்கிவைக்கும் பெரியது. "இதைத் தூக்கிட்டு மண்டபத்துக்குள்ள போங்க, பொண்ணோட அப்பாவே எழுந்து நாற்காலி குடுப்பார்," என்றார் பியாரி. இரண்டாவது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுவது. "கடல்ல போற போட்டுல என்ன மீன்னு இங்க இருந்தே சொல்லிடலாம்." மூன்றாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது சோப்புப் பெட்டி அளவில் இருந்தது.

"எனக்கு ஓடுறது தெரியணும். ஓடுறது எதையாவது எடுத்துப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்," என்றார் லோகய்யா.

"வாசல்ல நில்லுங்க. உடுப்பி பஸ்ஸை விட வேகமா இந்த ஜில்லாவுல எது ஓடுது?"

நியாயமான பேச்சு. லோகய்யா பெரிய கேமராவைத் தோளில் ஏற்றிச் சாலையோரம் நின்றார். தூரத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன. கேமராவைக் கண்டதும் இரண்டும் வரிசையில் சேர்ந்து, கர்ப்பிணியை ஏற்றிய மாதிரி ஊர்ந்தன. பின்னால் வந்த மூன்றாவது பஸ் நின்றேவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்தான்.

"எந்தப் பேப்பர் சார்? நாங்க எப்பவுமே இப்படித்தான் போவோம். வேணும்னா பாசஞ்சரைக் கேளுங்க."

"நான் பேப்பர் இல்லப்பா. கொஞ்சம் வேகமாப் போயேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நல்லா மாட்டிவிடப் பாக்குறீங்களே சார்," என்று கும்பிட்டுவிட்டு அவன் ஏறிக்கொண்டான். அரைமணி நேரத்துக்கு அந்தச் சாலையில் எந்த வண்டியும் வேகமாகப் போகவில்லை. எதிரே நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் லோகய்யாவுக்கு டீ வாங்கி அனுப்பினார்.

கடைப்படி வெயிலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த வாரிஜா தலை நிமிராமல் கேட்டாள்: "கேமராவுக்குப் பயப்படாத எதையாவது எடுத்தா என்ன?"

"அப்படி என்ன இருக்கு?"

"என் கை இருக்கே. இருபது வருஷமா ஓடிட்டிருக்கு. நீங்கதான் பார்த்ததில்ல."

லோகய்யா கேமராவை அவள் விரல்கள் மேல் திருப்பினார். இலை மடங்கி, தூள் விழுந்து, உருண்டு, நூல் சுற்றி, பீடி முறத்தில் விழுந்தது. பெரிய கேமராவில் பார்த்தால் அவளுக்கு மணிக்கட்டுக்குக் கீழே புகைதான் இருந்தது. இரண்டாவதில் அதே புகை பக்கத்தில் தெரிந்தது. மூன்றாவதில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் கண் திறந்திருக்க வேண்டும் என்பதை அதில் திருகிவைக்கலாம். லோகய்யா அதை ஆகக் குறைந்த நேரத்துக்குத் திருகினார். படம் கொஞ்சம் இருண்டது. ஆனால் வெயில் கைகொடுத்தது. நிறுத்திப் பார்த்தபோது பத்து விரலும் பத்தாகத் தெரிந்தன. ஆள்காட்டி விரலில் பழைய கத்தரிக்கோல் தழும்பு இருந்தது.

"இது எப்ப வெட்டினது?" என்றார் லோகய்யா.

"நம்ம கல்யாணத்துக்கு அடுத்த மாசம். இதையே வாங்குங்க."

"இவ்வளவு சின்னதைத் தூக்கிட்டுப் போனா கல்யாண வீட்டுல சிரிப்பாங்களே."

"சிரிச்சா அதையும் எடுங்க. அதுவும் அசையுற முகந்தான?"

வாங்கினார்கள். இருந்தாலும் மனசு கேட்காமல், ஊருக்குப் போனதும் அதன் தலையில் மைக் மாதிரி ஒன்றைக் கறுப்புத்துணி சுற்றிக் கட்டினார். அதற்குள் இருந்தது பாட்டில் கழுவும் பிரஷ்.

அடுத்த கம்பளத்தின் கடைசி ஓட்டம் மதியம் மூன்று மணிக்கு. இரண்டு ஜோடியும் மூக்கோடு மூக்காக வந்தன. கூட்டம் எழுந்து கத்தியது. லோகய்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

பள்ளிக்கூட டிவியில் படம் நின்றது. அப்படியொரு தெளிவை அந்த ஊர் பார்த்ததில்லை. சேற்றுத் துளிகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. நடுவில் மஹாபல ஹெக்டே இரண்டு காலும் தரையில் படாமல், வேட்டியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, வாயைத் திறந்தபடி அந்தரத்தில் நின்றார். கடைவாயில் வெற்றிலை தெரிந்தது. உற்சாகத்தில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டிக் குதித்திருக்கிறார். அவருக்கு இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு வால். எல்லைக்கோடு அவர் வயிற்றுக்குப் பின்னால் இருந்தது.

எல்லோரும் திரும்பி ஹெக்டேயைப் பார்த்தார்கள்.

"கேமரா நல்ல கேமராதான்," என்றார் ஹெக்டே.

முதலில் சிரித்தவர்கள் கடாக்களின் சொந்தக்காரர்கள். சண்டைக்கென்று துண்டை இறுக்கிக் கட்டி வந்தவர்கள், அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடாக்களைக் குளிப்பாட்டி, ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார்கள். இந்த முறை ஹெக்டேயை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். படத்தை நிறுத்திப் பார்த்தால் அரை மூக்கு வித்தியாசம். தோற்றவர் டிவி கண்ணாடியில் விரலை வைத்து அளந்து பார்த்தார். "சரி, இருக்கு," என்று சொல்லிவிட்டு வண்டியில் கடாக்களை ஏற்றப் போனார்.

முதல் ஓட்டத்தை அழித்துவிடும்படி ஹெக்டே மறுநாள் ஆளனுப்பினார். அதற்குள் அந்தக் கேசட்டில் முப்பத்தெட்டு பிரதி வேண்டுமென்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்கள். அதில் மூன்று ஹெக்டேயின் மனைவி கேட்டது.