எழுமலை ஜெபவீடும் எங்கள் பூட்டியின் வகுப்பும்

எங்கள் பூட்டி பேச்சியம்மாளின் பெயர், எழுமலைப் பக்கத்து மெதடிஸ்ட் ஜெபவீட்டின் முதல் சபைப் புத்தகத்தில் இருக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். பார்த்தவர் யாருமில்லை. நாங்கள் நிலமில்லாத கூலிக் குடும்பம். பூட்டியின் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட வீட்டில் கிடையாது. நிஜமா, அம்மாவின் கதையா என்று கண்ணால் பார்த்துவிட, போன ஜனவரியில் பொங்கல் முடிந்த சனிக்கிழமை கிளம்பினேன்.

கோரிப்பாளையத்தில் வீடு. ஆரப்பாளையத்தில் காலை 6.40க்குத் தேனி பஸ். உசிலம்பட்டி 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 35 ரூபாய். அங்கே இட்லி, வடை 40 ரூபாய் (சட்னி காரம், சொல்லிவிட்டேன்). எழுமலைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். பிறகு நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய்.

"அங்க பாக்க என்னக்கா இருக்கு? இம்புட்டுத் தூரம் வாரீக?" என்றார் ஓட்டுநர்.

"எங்க பூட்டி இருக்காக" என்றேன். அதன்பிறகு அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோபுரம் இல்லாத ஓட்டுக் கட்டடம். நாற்பது பேர் உட்காரலாம். இந்தப் பக்கத்து முதல் மெதடிஸ்ட் குடும்பங்கள் கூடிய இடம் இதுதான். ஜெபவீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெயராசு அண்ணன் ஊரின் பழைய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. முன்பே போனில் பேசியிருந்தேன். பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து வைத்தார்.

முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டிருந்தார்கள்: பெயர், ஊர், வகுப்பு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளிக்கூடம், வேலை, ரேஷன், எந்த விண்ணப்பத்தில்தான் என்னை இதைக் கேட்கவில்லை! "ஏண்ணே, சாமி கும்புட வந்த எடத்துலயும் சாதியக் கேட்டுத்தான் எழுதுனீங்களா?"

அண்ணன் பதறிவிட்டார். "அய்யய்யோ, அது அந்த வகுப்பு இல்ல தங்கச்சி! மெதடிஸ்ட் சபை சீமையில ஆரம்பிச்ச காலத்துலயே பன்னெண்டு பன்னெண்டு பேராப் பிரிச்சு, வாரம் ஒருக்கக் கூடுவாக. அதுக்குப் பேரு வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர். 'இந்த வாரம் ஒன் ஆத்துமா எப்படி இருக்கு'ன்னு தலைவர் கேப்பாக, ஒவ்வொருத்தரும் பதில் சொல்லணும்."

அசடு வழிந்துகொண்டே பக்கத்தைப் புரட்டினேன். வகுப்பு மூன்று. தலைவர்: பேச்சியம்மாள். கீழே பன்னிரண்டு பெயர்கள். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத பூட்டி, தலைவர்!

அண்ணன் ஏழாவது பெயரில் விரல் வைத்தார். "இது எங்க பூட்டன். உங்க பூட்டி எங்க வயல்ல நாத்து நட்டவுக. வெள்ளிக்கெழம ஆனா எங்க பூட்டன் அவுக உக்காந்த அதே பாயில உக்காந்து அவுகளுக்குப் பதில் சொல்லணும்." பிறகு சிரித்தார். "அப்ப நீங்களும் நாங்களும் ஒரே வகுப்பு."

இந்த ஊரில் இந்த வாக்கியத்தை இதற்கு முன் யாராவது சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்புட்டுக் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன், நிமிர்ந்து.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலையில் போங்கள்; ஞாயிறு ஆராதனை நடக்கும், மற்ற நாட்களில் பூட்டியிருக்கும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது, காத்திருக்கச் சொல்லுங்கள், 100 ரூபாய் கூடுதல். புத்தகத்தில் 'வகுப்பு' என்ற கட்டத்தைப் பார்த்ததும் என்னைப்போல் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்றாம் எண்ணைத் தேடுங்கள். முதலில் இருப்பவர் எங்கள் பூட்டி.