வேறு வீட்டுக் குழந்தையின் கால் கயிறு

ஊல்கான் எங்கள் ஊரில் பால் சேகரிக்கிறவள். விடிவதற்குள் முப்பது வீட்டுப் பாலை வாங்கி வண்டியில் ஏற்றிவிடுவாள். கையில் வாளி இருந்தாலும் ஓட்டம்தான். "டீ குடிச்சிட்டுப் போ" என்று யாராவது சொல்லி முடிக்கும்போது அவள் அடுத்த வீட்டு நாயை அதட்டிக்கொண்டிருப்பாள். வயது நாற்பத்தொன்று. இந்த வேகத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு காரணம் சொல்வார்கள். அவள் நடக்கத் தொடங்கியபோது, எங்கள் வழக்கப்படி கால்களைப் பிணைத்துக் கட்டிய கயிற்றை அறுத்தவர், மாவட்டப் பந்தயங்களில் ஓடியவர். கயிற்றை அறுத்தவரின் குணம் குழந்தைக்கு வரும். இதை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை.

அவளுடைய தம்பி தெமிர்குல்லின் மகன் எர்போல் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும், கயிற்றை அறுக்கப்போவது யார் என்ற பேச்சு வந்தது. நான்தான் என்றாள் ஊல்கான். ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஓட்டம் வைக்க வேண்டும். முதலில் வந்து சேர்கிறவருக்குத்தான் கத்தி. பெண்கள் ஓடுவது என்று தெமிர்குல் வீட்டில் முடிவு செய்தார்கள். பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம் தனியாக. ஆண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி.

தெமிர்குல்லுக்கு இருந்த ஒரே பயம், மனைவியின் அக்கா சோனுன். மூன்று வீடு தள்ளி நடக்கிற கல்யாணத்துக்கு மறுநாள் போய்ச் சேருகிறவள் என்று பெயர் வாங்கியவள். அவளும் ஓடுவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் எங்கே ஜெயிக்கப்போகிறாள் என்று எல்லோரும் சிரித்தோம். தெமிர்குல் சிரிக்கவில்லை.

"அக்கா, நீ மட்டும் தோத்துராத" என்றான் ஊல்கானிடம். "பையன் அவள மாதிரி ஆயிட்டா, ஒண்ணாங்கிளாஸ் போய்ச் சேரவே மீசை முளைச்சிரும்."

"அவ புறப்படறதுக்குள்ள நான் அறுத்து, சாப்பிட்டு, கையும் கழுவியிருப்பேன். இது என் வாக்கு."

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடுகளுக்கு ஞாயிறு தெரியாது. ஊல்கான் பால் வேலையை முடித்துவிட்டு மலை மேய்ச்சலுக்கு ஏறி வருவதற்குள், ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு எங்களை ஏற்றிய லாரி கூடாரத்திலிருந்து கிளம்பிவிட்டது. வழியில் அவளைப் பார்த்து ஏற்றிக்கொண்டோம். தெமிர்குல் அந்த வருடம் புல் போதாமல் கோடைக் கூடாரத்தைப் புது இடத்தில் போட்டிருந்தான். அவள் அதைப் பார்த்ததில்லை. மேட்டைத் தாண்டினால் கூடாரம் தெரியும் என்றார் ஓட்டுநர். சரிதான். இரண்டு கூடாரம் தெரியும் என்று அவர் சொல்லவில்லை.

ஓட்டத்தைத் தொடங்கக் கொடி விழுந்தபோது சோனுன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊல்கான் செருப்பை உதறிவிட்டுப் பறந்தாள். பின்னால் நாங்கள் பத்துப் பேர். மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் இடது பக்கம் ஒரு வெள்ளைக் கூடாரம், முன்னால் கூட்டம், நடுவில் கால் கட்டிய குழந்தை. வலது பக்கம் ஓடையைத் தாண்டி இன்னொரு வெள்ளைக் கூடாரம், அங்கேயும் கூட்டம். ஊல்கான் இடது பக்கம் இறங்கினாள். நாங்களும் இறங்கினோம். காலையில் தெமிர்குல்லின் கூடாரத்தில் சாப்பிட்டு லாரி ஏறியவர்கள்தான் நாங்கள் பத்துப் பேரும். ஆனாலும் ஓட்டத்தில் முன்னால் போகிறவளின் முதுகைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

கீழே இருந்தவர்கள் துணிகளை வீசிக் கத்தினார்கள். காற்று எதிர்த்திசையில், சொல் எதுவும் கேட்கவில்லை. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து அவள் இன்னும் வேகம் எடுத்தாள். கத்தியோடு நின்றவன் வாயைத் திறப்பதற்குள் அதைப் பிடுங்கி, மண்டியிட்டு, கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தாள். குழந்தையைத் தூக்கி, என் ராசா என்று முத்தம் கொடுத்தாள். காதில் கம்மல் இருந்தது. எர்போல் இல்லை, யார் வீட்டுப் பெண் குழந்தையோ.

ஒவ்வொருவராக வந்து புல்லில் விழுந்தோம். அங்கேயும் அன்று கயிறு அறுப்பு. அந்த வீட்டில் ஓட்டம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடப்பதாக இருந்தது. ஓட வேண்டியவர்கள் கையில் கிண்ணத்தோடு நின்றார்கள். குழந்தையின் அம்மா ஜூரா, அறுந்த கயிற்றை எடுத்துப் பார்த்தாள். அறுத்ததை மறுபடி கட்டுகிற வழக்கம் கிடையாது.

"நீ யாரு?" என்றாள்.

"ஊல்கான்."

"பேரு கேக்கல. எம் பொண்ணு இனி உன்ன மாதிரிதான வருவா. எப்படிப்பட்டவ நீ?"

பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படி விசாரித்திருக்க மாட்டார்கள். படிப்பு? எட்டு வரை. குழந்தைகள்? இரண்டு பெண்கள், இரண்டும் வாயாடிகள். சமையல்? ரொட்டி அடியில் கருகும். புருஷனோடு சண்டை போட்டிருக்கிறாளா? போட்டிருக்கிறாள். ஒரு தடவை கோபித்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் நடந்தே அம்மா வீட்டுக்குப் போனாள். சமாதானம் பேசக் குதிரையில் கிளம்பிய புருஷன் அவளுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தான். அவளே கதவைத் திறந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். தலைநகரில் தையல் வேலைக்குப் போய் ஒரு வருடம் இருந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை, விட்டுவிட்டாள். பொய்? பாலில் தண்ணீர் கலப்பவர்களின் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவாள். அவள் ஒருநாளும் கலந்ததில்லை. எங்களைப் பார்த்தார்கள். உண்மைதான் என்று தலையாட்டினோம்.

"பொறுமை?"

ஊல்கான் சற்று யோசித்தாள். "அது இல்ல. இருந்திருந்தா குழந்தை மூஞ்சியப் பாத்துட்டுத்தான அறுத்திருப்பேன்."

ஜூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஓட வேண்டியவர்கள்கூடக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"சரி. பொறுமைய நான் குடுத்துக்கறேன். மத்ததெல்லாம் உன்னுதே இருக்கட்டும்" என்று, ஜெயித்தவருக்கென்று வைத்திருந்த மேலங்கியை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

தெமிர்குல் வீட்டில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். வெகுநேரம் மேட்டில் யாரும் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தி மட்டும் தெரிந்தாள். சோனுன், நடந்து வந்தாள். தெமிர்குல் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தானாம். அவள் குழந்தையிடம் இரண்டு வார்த்தை பேசி, கால் கூசாமல் கயிற்றை நகர்த்தி, கத்தி முனையை விரலில் வைத்துப் பார்த்து, பிறகு அறுத்தாளாம்.

ஊல்கான் புது மேலங்கியோடு ஓடையைத் தாண்டி வந்தாள். பின்னால் நாங்கள், ஜூராவின் வீட்டார், அவர்கள் குழந்தைகள், மூன்று நாய்கள். தெமிர்குல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வாக்குக் குடுத்தியேக்கா."

ஊல்கான் நேரே சோனுனிடம் போனாள். "உனக்கு மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது?"

"பாத்துப் பாத்து வந்தேன்."

ஊல்கான் தம்பி பக்கம் திரும்பினாள். "பதினோரு பேரு உசிரக் குடுத்து ஓடினோம்டா. உன் வீட்டுக்கு வந்து சேந்தது இவ ஒருத்திதான். உம் பையனுக்கு வேற என்ன வேணும்?"

தெமிர்குல் மனைவியிடம் இன்னும் இரண்டு விரிப்பு போடச் சொன்னான். அதற்குள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சாக்குகளுக்குள் இறங்கிவிட்டார்கள். ஒரு சாக்குக்குள் இரண்டு பேர் இருந்தார்கள்.

கயிறு அறுபட்ட குழந்தைகளை நடக்கவிட வேண்டும். புல்லில் இறக்கிவிட்டார்கள். ஜூராவின் மகள் நாலு எட்டு ஓடி, விழுந்து, எழுந்து, ஒரு நாயின் வாலைப் பிடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். எர்போல் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஒரு கால் வைத்தான். யோசித்தான். இன்னொரு கால். இரண்டு கூடாரத்து ஜனமும் சூப் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஊல்கான் இரண்டு தடவை அவனைத் தூக்க எழுந்தாள். இரண்டு தடவையும் ஜூரா மேலங்கியின் நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள். தெமிர்குல் குந்தி உட்கார்ந்து கைகளை நீட்டினான். சூப் ஆறிப்போனது. எர்போல் விழாமல் வந்து சேர்ந்தான்.