காதர் அண்ணே கட்டிய கடைசிப் பொட்டலம்

பினாங்குத் துறைமுகச் சரக்குக் கிட்டங்கித் தராசில் சட்டிபானை மூட்டையை நிறுத்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. காதர் அண்ணேயின் மைத்துனர் வாசலிலேயே நின்றுகொண்டு, "மச்சான் மௌத்தாயிட்டாரு தம்பி. காலையிலதான்," என்றார். அடுத்த வாரம் நானும் அண்ணேயும் கெடா மலைக்குப் போவதாக இருந்தது.

துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் சரக்கு நிறுப்பவர். எனக்கு அவர் வழித்துணை. வருஷத்துக்கு ஒருமுறை, நான்கு நாள், முதுகில் மூட்டையோடு காட்டுக்குள் நடப்போம். இதென்ன பைத்தியம் என்று நீங்கள் சிரித்ததும் எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுத் திட்டம் முழுக்க அவருடையது. முதலில் தராசில் என்னை ஏற்றுவார், பிறகு மூட்டையை. என் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுத்துப் போடுவார். ஏறுகிற நாளுக்கு அவலும் வெல்லமும். இறங்குகிற நாளுக்கு அரிசியும் கருவாடும். "பசிச்ச பொறவு தின்னா காலு கேக்காதுலா. முன்னாடியே தின்னுடணும்," என்பார். கடைசியாகப் பேரீச்சம்பழமும் வறுகடலையும் துணியில் முடிந்து ஒரு பொட்டலம். அது ஆபத்துக்கு. ஆபத்து வராவிட்டால், திரும்பி வந்து பினாங்குப் படகுத்துறையில் உட்கார்ந்துதான் பிரிப்போம். "இதப் பிரிச்சாத்தான் வீடு வந்த மாதிரி."

ஒரு வருஷம் கனத்துக்குப் பயந்து, அவருக்குத் தெரியாமல் என் மூட்டையிலிருந்த அவலிலும் அரிசியிலும் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்றாம் நாள் மழையில் வழி தவறினோம். இருந்தது ஒருவேளைச் சோறு. உண்மையைச் சொல்லி, பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்றேன். அவர் திட்டவில்லை. "இது இன்னும் ஆபத்து இல்ல தம்பி," என்று தன் சோற்றையும் என் பக்கம் தள்ளினார். "எனக்கு வயிறு சரியில்ல, நீ தின்னு." நானும் தின்றேன். மறுநாள் படகுத்துறையில் அந்த முடிச்சை அவிழ்க்க அவர் விரல்களால் முடியவில்லை. அது பட்டினி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான்தான் அவிழ்த்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மைத்துனர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும்னு மச்சான் கட்டி வச்சது. நீங்களே வச்சுக்குங்க."

எல்லாம் இரண்டு பங்காக இருந்தது. தனியாகவே போனேன். பசிக்கு முன்பே தின்றேன். ஒரு பங்கை மட்டும். நான்கு நாளும் பேச ஆளில்லை. எதற்குப் போனோம் என்றிருந்தது.

திரும்பி வந்து படகுத்துறையில், எப்போதும்போல் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முடிச்சு அவர் போட்டது.

அவிழ்க்கவில்லை. அது என் மேசைமேல் அப்படியே இருக்கிறது. நான் இன்னும் வீடு வந்து சேரவில்லை, அண்ணே.