பள்ளிக்கூடச் சுவரில் ஓர் இரும்பு வளையம்

பெரிய காஞ்சிபுரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தைக் கட்டியவர்கள் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டியதாகத் தெரியவில்லை. நடுவே ஒரு தூண்கூட இல்லாத நீண்ட தாழ்வாரம். இரண்டு கோடியிலும் சுவரில் பெரிய இரும்பு வளையம். அது ராஜா குதிரை கட்டிய வளையம் என்று வகுப்பில் ஒரு கதை உலவியது. கிளப்பிவிட்டவள் நான்தான்.

கட்டடத்தை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பள்ளியின் பெருமையை எடுத்துச் சொல்ல டீச்சர் என்னை நிறுத்தியிருந்தார். தலைமையாசிரியர் அறையில் குதிரைக் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "அப்படியா? வா, பார்க்கலாம்" என்று அதிகாரி தாழ்வாரத்துக்கு நடந்தார்.

அங்கே ஈர லுங்கியும் பனியனுமாக என் அப்பா நின்றார். அப்பா பட்டு நெசவாளி. தறியில் ஏற்றும் முன் நீளவாட்டு இழைகளை இழுத்துக் கட்டிச் சரிசெய்யும் பாவு நீட்டலைத் தெருவில் செய்வதுதான் வழக்கம். மழை பெய்தால் அப்பா பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார் என்று நான் கேட்டதே இல்லை. மற்ற மழை நாட்களில் பள்ளி மணி அடிக்கும் முன் சுருட்டிக்கொண்டு போயிருப்பார். அன்று இழைகள் நிறைய அறுந்து நேரமாகிவிட்டது. பாதியில் அவிழ்த்தால் பட்டு சிக்காகிவிடும். வளையத்திலிருந்து வளையத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பாவு நீண்டிருந்தது.

"இது குதிரை கட்டுற வளையமாமே?" என்றார் அதிகாரி.

"குதிரையா? பாவு கட்டறதுக்குப் போட்டது சார். முன்ன இது பாவுக் கொட்டாய். நம்ம புள்ளைங்க படிக்கட்டும்னு பெரியவங்க பள்ளிக்கூடத்துக்கு உட்டுட்டாங்க. மழைக்கு மட்டும் நாங்க வந்துக்கினு இருக்கறோம்." அப்பா அதோடு நிறுத்தவில்லை. "நம்ம பாப்பாகூட இங்கதான் படிக்குது. இந்தாமா, இத்தக் கொஞ்சம் புடிச்சிக்கோ."

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வகுப்பே சிரித்தது. ராஜா வீட்டுக் கட்டடம் ஒரு நொடியில் எங்கள் வீட்டுக் கொட்டகையாகிவிட்டது. முகம் எரிய, அப்பாவை நிமிர்ந்து பாராமல் அவர் நீட்டிய பாவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி செல்போனில் படம் எடுத்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"அந்த சாரே சொன்னாரு, அவர்கிட்ட பாப்பா எவ்ளோ தைரியமா பேசிச்சாம் தெரியுமா!" என்று அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

சின்ன வயதிலேயே தறியில் உட்கார வைக்கப்பட்டவர் அப்பா. அந்த வகுப்புகளில் ஒருநாள்கூட அவர் உட்கார்ந்ததில்லை. கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே அவருக்கு மழை வரவேண்டியிருந்தது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.